பால் டின்னை முகர்ந்து பார்த்தவர்

அந்த மனுசரை எங்கள் தெருவில் யாரும் சாப்பாட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இலையில் வைத்த முறுக்கை எடுத்துக் கடிக்காமல் மூக்குப் பக்கம் கொண்டுபோவார். இரண்டு தரம் இழுப்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் பேசாமல் தின்பார். இல்லையென்றால் தொலைந்தது. "எண்ணெய் காறிட்டு" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுவார். ஒரு தடவை எண்ணெய்க் கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்திலேயே சொல்லிவிட்டார். பெண்ணுக்கு அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வே, என்னவே சொன்னீரு?" என்று அவர் எகிற, இவர் நிதானமாக முறுக்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "நீங்களே பாருங்க அண்ணாச்சி, காறல் அடிக்கா இல்லையா?" என்றாரே பார்க்கணும். கல்யாண வீட்டுக்காரர் முகர்ந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு சமையல் கட்டுப் பக்கம் போனார்.

அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்து போகவில்லை, நன்றாகவே தெரியும். எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

சங்கரன்கோவிலில் அப்போது பிள்ளைப்பேறுக்கு என்று ஒரு டாக்டரம்மா ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பின்கட்டில் சின்ன லேப். ரத்தம், மூத்திரம் பார்க்கிற வேலை இவருக்கு. நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஒரு இடத்தில் இருக்கிற ஜென்மமே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் ஆடும், கால் ஆடினால் பெஞ்சு ஆடும், பெஞ்சு ஆடினால் அதில் வரிசையாக இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் ஆடுவோம். "அண்ணாச்சி, எங்களுக்கு இங்கனயே பிள்ளை பொறந்திரும், எந்திச்சுப் போங்க" என்று யாராவது ஏசினால் எழுந்து போவார். அரை நிமிசத்தில் திரும்பி வருவார். கையில் ஊசி இருக்கும். "இன்னொரு சொட்டு எடுத்துக்கிடட்டா? முதல் ஸ்லைடு மனசுக்குப் பிடிக்கல." ஒரு குத்துக்கு மூன்று குத்து வாங்காமல் அவரிடமிருந்து தப்பித்தவர்கள் கிடையாது.

எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். நான் ஐந்து மாசமாக இருந்தபோது முதல் தடவை ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். விரலைப் பிடித்தவர் தலையைத் தூக்கி, காற்றை இழுத்து, "தங்கச்சி, தலைக்குத் தேச்ச தேங்கெண்ணெய் ரொம்பப் பழசு" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அப்படியே தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அவர் கேலி செய்யவில்லை. அவருக்குக் கேலி செய்யத் தெரியாது.

"நம்ம ஒடம்புல எண்ணெய் எங்கன இருக்குன்னு நெனைக்கே?" என்று கேட்டார்.

"தலையில" என்றேன் கடுப்பாக. மறுபடி சிரிப்பு.

"அது மேல. உள்ள எங்கன? ஒடம்புல உள்ள அணு ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு தோலு உண்டு. கண்ணுக்குத் தெரியாத தோலு. அது எண்ணெய்ப் பசையிலதான் ஆனது. முறுக்கு காறுத மாதிரி அந்தத் தோலும் காறும். ரெண்டுக்கும் ஆக்சிஜன்தான் காரணம். அதை வேண்டாம்னும் சொல்ல முடியாது, அது இல்லாட்டா மூச்சு ஏது? ஒரு எடத்துல காற ஆரம்பிச்சா சும்மா கெடக்காது. பக்கத்துல உள்ளதைக் கெடுக்கும். அது அதுக்குப் பக்கத்துல உள்ளதைக் கெடுக்கும். அப்படியே வரிசையாப் போயி தோலு கிழிஞ்சு அணுவே உடைஞ்சிரும்."

"அய்யய்யோ" என்றாள் ஒருத்தி, நிஜமாகவே பயந்து.

"பயப்படாத. வரிசைக்கு நடுவுல ஒருத்தன் நிக்கான். வைட்டமின் ஈன்னு பேரு. தோலுக்குள்ளயே குடியிருக்கான். காறல் தன்கிட்ட வந்ததும் அதை வாங்கித் தன் தலையில போட்டுக்கிடுவான். அதோட வரிசை அறுந்துரும்."

"அப்ப அவன் கதி?" என்று கேட்டேன். என்ன எரிச்சல் இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவன் கெட்டான்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பினார். "ஆனா எலுமிச்சங்காயில உள்ள சத்து வந்து அவனைத் திரும்ப நிமித்தி விடும்னு எழுதியிருக்காங்க. சோதனைக் குழாயில பாத்திருக்காங்களாம். ஒடம்புக்குள்ள எப்படி நடக்குன்னு இன்னும் யாருக்கும் தெளிவாத் தெரியல. அதை நெனைச்சா எனக்கு இருப்புக் கொள்ள மாட்டேங்கு."

இதற்கெல்லாம் ஒரு மனுசனுக்கு இருப்புக் கொள்ளாமல் போகுமா? கோட்டிதான், முழுக் கிறுக்கு என்று முடிவு செய்தேன். டாக்டரம்மாவுக்குத் தபாலில் வருகிற இங்கிலீஷ் வைத்தியப் பத்திரிகைகளை அவர் பிரிக்கக்கூட நேரமில்லாமல் போட்டு வைப்பார். அதையெல்லாம் பிரித்துப் படிக்கிற ஆள் இவர். மத்தியானச் சோற்றுக்குப் புளியங்குடி எலுமிச்சங்காயில் ஒரு மூடி பிழிந்துகொண்டு, ஒரு கையில் பத்திரிகையும் ஒரு கையில் சோறுமாக நின்றுகொண்டே தின்பார். அதையும் முகர்ந்துவிட்டுத்தான்.

என் மகள் ஏழு மாசம் முடிவதற்குள் பிறந்துவிட்டாள். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மாசம் வைத்திருந்து கொடுத்தார்கள். வீட்டுக்குத் தூக்கி வந்தபோது என் முழங்கை நீளம்கூட இல்லை. என் வீட்டுக்காரர் துபாயில் எலக்ட்ரீசியன். பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. லெட்டர் போய்ச் சேர்ந்ததும், லீவில் வந்த கடையநல்லூர்ப் பாய் ஒருவரிடம் ஆறு டின் பால்பவுடர் கொடுத்துவிட்டிருந்தார். வெளிநாட்டு டின். மேலே கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை படம். என் மாமியார் அதை அடுப்படி அலமாரியில் கொலு மாதிரி அடுக்கிவிட்டாள். தெருவே வந்து பார்த்தது. "ஏட்டி, கொடுத்து வச்சவ" என்றார்கள். எனக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. உள்ளதைச் சொல்லுகிறேன், அந்த டின் வந்த பிறகு சுரக்க வேண்டும் என்று நான் பெரிசாகப் பாடுபடவும் இல்லை. ஊரில் எவளுக்கும் கிடைக்காத பால் வீட்டில் இருக்கும்போது என் பால் எதுக்கு என்று இருந்துவிட்டேன்.

டாக்டரம்மா ரத்தம் ஊற இரும்புச் சத்துச் சொட்டு எழுதிக் கொடுத்தார். தினம் ஐந்து சொட்டு. நான் ஏழு விட்டேன். சீக்கிரம் தேறட்டும் என்றுதான்.

தேறவில்லை. இரண்டு மாசம் ஆகும்போது பிள்ளை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. இமை இரண்டும் வீங்கிப் போயின. பால் குடிக்கும்போதே வியர்த்துக் களைத்துவிடும். மாமியார் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசினாள். டாக்டரம்மா, "குறைமாசப் பிள்ளைக்கு ரத்தம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பயப்படாத, சொட்டைக் கூட்டு" என்றார். வாராவாரம் லேபில் ரத்தம் பார்க்கச் சொன்னார். முதல் வாரம் ரத்த அளவு ஒன்பது. அடுத்த வாரம் எட்டு. அதற்கடுத்த வாரம் ஆறரை.

ஆறரை வந்த அன்றைக்கு அவருக்கு வெப்ராளம் பிடித்துக்கொண்டது, ஒரு நிலையில் இல்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பார், எடுப்பார், வாசல் வரை போவார், மறுபடி வந்து வைப்பார். பிள்ளைக் குதிகாலில் மூன்றாவது தடவையும் குத்தினார். பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. "போதும் அண்ணாச்சி!" என்று கத்தினேன். அவருக்குக் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் வந்து நின்றது. உள்ளே வந்தவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனார். திறந்திருந்த டின்னை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மூக்கை உள்ளே விட்டார்.

"இது என்னைக்குத் திறந்தது?"

"பத்து நாள் இருக்கும்."

"அடுப்புப் பக்கத்துலயா வச்சிருக்கீங்க? காறல் அடிக்கி." டின்னைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதுல சோள எண்ணெய் சேத்திருக்கான். சீக்கிரம் காறுத எண்ணெய். இரும்பும் போட்டிருக்கான். அதுக்கு மேல நீ சொட்டு வேற விடுத. எத்தனை சொட்டு?"

நான் டின் மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"தங்கச்சி, இரும்பு காறலைப் பிடிச்சு ஓட வைக்கும். உன் பிள்ளைக்கு ரத்தம் ஊறாம இல்ல. ஊறுது, புதுசு புதுசாப் பொறந்துக்கிட்டே இருக்கு, நான் எண்ணிப் பாத்தேன். பொறந்தது நிக்க மாட்டேங்கு. தோலு கிழிஞ்சு உடைஞ்சிருது. உருண்டையா இருக்க வேண்டிய அணு முள்ளு முள்ளா நிக்கி. இந்த வைட்டமின் ஈ இருக்கே, அது தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குக் கடைசி ரெண்டு மாசத்துலதான் போயிச் சேரும். இவ அதுக்கு முந்தியே பொறந்துட்டா. காவலுக்கு ஆளே இல்ல. அதுக்குள்ள இரும்பை அள்ளிக் கொட்டுதோம்."

"இரும்பு வெசமா?" என்று மாமியார் குறுக்கே பாய்ந்தாள்.

"வெசம் இல்ல ஆச்சி. பிள்ளைக்கு இரும்பு வேணும். இப்ப வேண்டாம், பெறகு வேணும். டாக்டரம்மாட்ட நான் சொல்லுதேன். அதுவரைக்கும் இந்த டின்னைத் தொடாதீங்க."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. ஏழு சொட்டு விட்ட கை என்னுடையது. அந்தப் பயம்தான் கோபமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

"அங்கன வெயில்ல கெடந்து சாகுத மனுசன் பெத்த பிள்ளைக்கு அனுப்புன பாலு இது. அதைப் போயி காறல்ங்கிறீங்க! நீங்க என்ன டாக்டரா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "டாக்டர் இல்ல" என்றார்.

"பெறகு என்ன? மூக்கைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வராதீங்க. போங்க."

அவர் போன கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். டாக்டரம்மாவிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி வைத்தேன். "உங்க லேப்காரர் என் வீட்டுக்கு வந்து, நீங்க எழுதுன மருந்தாலதான் பிள்ளை ரத்தம் கெடுதுன்னு சொல்லுதாரு" என்றேன். டாக்டரம்மா கெட்டவர் இல்லை. நல்ல கைராசி, எத்தனையோ உயிரைப் பிழைக்க வைத்தவர். ஆனால் சுயமரியாதை ஜாஸ்தி. அத்தனை பேர் முன்னால் அவரைக் கூப்பிட்டார்.

"உமக்கு ரத்தம் பாக்கதுதான் வேலை. வீடு வீடாப் போயி வைத்தியம் பாக்கச் சொல்லி நான் சொன்னேனா?"

"ஸ்லைடை மட்டும் ஒரு தடவை பாத்திருங்கம்மா."

"சாவியை வச்சிட்டுக் கெளம்பும்."

அவர் லேப் சாவியை மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு ஸ்லைடை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. போய்விட்டார். எனக்கு அப்போது சந்தோசமாகத்தான் இருந்தது. மறைத்து என்ன செய்ய?

இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எப்படிப் போனது என்று சொல்ல எனக்கு வாய் வராது. டின்னைத் திறக்கும்போதெல்லாம் நானும் முகர்ந்து பார்ப்பேன். வாடை இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். சொட்டு மருந்தை விடுவதா வேண்டாமா? விட்டேன், ஐந்துதான் விட்டேன். வாசலுக்கும் தொட்டிலுக்கும் நடந்தேன். எதிர்வீட்டு மாரி, கைப்பிள்ளைக்காரி, "ஏட்டி, அந்த லேப் அண்ணாச்சி சைக்கிள்ல நம்ம தெருவுல அங்கிட்டும் இங்கிட்டும் போயிக்கிட்டு இருக்காரே, என்ன விசயம்?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நோட்டம் பார்க்கிறாரோ என்று கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை பாலையே வாயில் வாங்கவில்லை. ஓடினேன்.

டாக்டரம்மா தன் அறையில் நின்றுகொண்டிருந்தார். நடப்பதும் நிற்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. மேசையில் லேபிலிருந்து தூக்கி வந்த மைக்ராஸ்கோப். அதன் அடியில் அந்த ஸ்லைடு. "இரு. மதுரைக்கு டிரங்க் கால் போட்டிருக்கேன். எனக்குப் பாடம் எடுத்த சார்ட்ட பேசணும்" என்றார். உட்கார்ந்தேன். காலைப் பத்து மணிக்குப் பதிவு செய்த டிரங்க் கால் பன்னிரண்டு வரை கிடைக்கவில்லை. பிள்ளை என் மடியில் மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எனக்கு உயிர் போய் வந்தது.

மணி அடித்ததும் டாக்டரம்மா பாய்ந்து எடுத்தார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். "ஆமா சார்... முள்ளு முள்ளாத்தான் இருக்கு... புது அணுவும் ஜாஸ்தியா இருக்கு சார்... கொடுத்துக்கிட்டுதான் இருக்கேன், கூட்டவும் சொன்னேன்..." அதற்குப் பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே சீட்டில் எழுதினார். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"இரும்புச் சொட்டை நிறுத்து" என்றார், திரும்பாமலே. "டின் பாலும் வேண்டாம். தாய்ப்பால்தான் கொடுக்கணும், யார் பாலா இருந்தாலும் சரி. வைட்டமின் ஈ சொட்டு எழுதியிருக்கேன், இன்னைக்கே ஆரம்பிக்கணும். மூச்சு வாங்குச்சுன்னா யோசிக்காம திருநெல்வேலிக்குத் தூக்கிட்டு ஓடு, ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும்."

சீட்டை வாங்கிக்கொண்டு மெடிக்கல் மெடிக்கலாக ஏறினேன். ஊரில் இருந்த கடை அத்தனையிலும் கேட்டேன். ஒருத்தரிடமும் இல்லை. "பெரியவங்களுக்கு உள்ள மாத்திரைதான் இருக்கு, பச்சப் பிள்ளைக்குச் சொட்டு திருநெல்வேலியிலதான் கிடைக்கும், சொன்னா நாளைக்கு வரும்" என்றார்கள். நாளைக்கா! நடுத்தெருவில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் சைக்கிள் நின்றது. அவர் திண்ணையில் உட்காராமல், சுவரில் சாயாமல், வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டரம்மா எழுதிட்டாங்களா?"

சீட்டை நீட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடித்த பிறகுதான் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஒரு சின்னக் குப்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதே மருந்து. வேலை போன அன்றைக்கே பஸ் ஏறித் திருநெல்வேலி போய் வாங்கி வந்திருக்கிறார்.

"ரெண்டு நாளா பையிலயே வச்சிருந்தீங்களா?" குப்பியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "முந்தியே தந்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?"

"நான் டாக்டர் இல்லையே, தங்கச்சி."

குத்திக் காட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலில் குத்தல் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது.

மாரி தன் பிள்ளைக்குப் போக மிச்சத்தை என் பிள்ளைக்குக் கொடுத்தாள். பாலை வாயில் பீய்ச்சித்தான் முதல் இரண்டு நாள் இறங்கியது. அவளோடு சேர்த்து நானும் பிடிவாதமாகப் பிள்ளையை நெஞ்சில் போட்டுப் போட்டு எனக்கும் பால் வந்தது. சொட்டு மருந்தை லேப் அண்ணாச்சி சொன்ன மாதிரி பால் குடிக்கிற நேரத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். "அவன் எண்ணெயில ஏறித்தான் உள்ள போவான், வெறும் தண்ணியில கொடுத்தா வந்த வழியே போயிருவான்" என்பார். ஒரு வாரத்தில் இமை வீக்கம் வற்றியது. அடுத்த வாரம் அழுகைக்குச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டு மாமியாரும் நானும் சேர்ந்து அழுதோம். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எதுவும் செய்தது கிடையாது. மிச்சம் இருந்த டின்களை அவளே சாக்கில் கட்டிப் பரணில் போட்டாள். துபாய்க்கு எழுதிய லெட்டரில் மட்டும், 'நீங்கள் அனுப்பிய பாலில் பிள்ளை நன்றாகத் தேறுகிறாள்' என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

லேப் அண்ணாச்சி வாராவாரம் வந்தார். பகலில் ஒரு எண்ணெய் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வாசலில் நின்றே பிள்ளைக் குதிகாலில் ஒரு குத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு, பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். லேப் இல்லாமல் எங்கே போய்ப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, "மாட்டாஸ்பத்திரியில ஒரு கூட்டாளி இருக்கான்" என்றார்.

ஆறாவது வாரம் நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். மரத்தடியில் கீதாரிகள் ஆடுகளோடு நின்றார்கள். ஒரு பெரியவர் கால் விறைத்த குட்டியை மடியில் வைத்திருந்தார். இவர் அதன் தொடையைத் தடவிப் பார்த்து, கொண்டுவந்திருந்த பிண்ணாக்கை முகர்ந்து, "இதைப் போடாதீங்க, காறிட்டு, பச்சைத் தழை போடுங்க, டாக்டர்ட்ட ஊசி கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டார். "வந்து பாரு."

பழைய மைக்ராஸ்கோப். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் எதையோ திருகினார். திடீரென்று வட்டம் வட்டமாக, மழுமழுவென்று, நடுவில் மட்டும் லேசாக வெளுத்து, எண்ண முடியாத அளவுக்குத் தெரிந்தது. ஒன்றில்கூட முள் இல்லை. என் மகள் அது. கண்ணீர் வழிந்து எல்லாம் கலங்கிவிட்டது.

"லென்ஸை நனைச்சிராத" என்றார்.

வெளியே வந்து கல்லில் உட்கார்ந்தோம். அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, நான் அன்னைக்குப் போயி கோள் சொல்லாட்டா உங்க வேலை போயிருக்காது" என்றேன்.

"நீ சொல்லாட்டா அந்தம்மா அந்த ஸ்லைடைப் பாத்திருக்கவே மாட்டாங்க. கோவத்துலதான் பாத்தாங்க, என்னைப் பொய்யனாக்கணும்னு. எப்படியோ பாத்தாங்கள்லா?"

"நாளைக்குப் பிள்ளையைக் காட்டப் போறேன். நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு டாக்டரம்மாட்ட நான் சொல்லுதேன். எல்லார் முன்னாலயும் சொல்லுதேன்."

அவர் கால் நின்றுவிட்டது. அவரைத் தெரிந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அது நின்று பார்க்கிறேன்.

"சொல்லுவியா?" என்றார். உள்ளே மைக்ராஸ்கோப் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்து, "டாக்டரம்மா லேபுல உள்ள லென்ஸ் நல்ல லென்ஸ், தங்கச்சி. இதுல ஆடு நல்லாத் தெரியுது. மனுசனைத்தான் கண்ணை இடுக்கிப் பாக்க வேண்டியிருக்கு" என்றார்.

மறுநாள் போனேன். பெஞ்சு நிறையப் பெண்கள். டாக்டரம்மா பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே செக்கச் செவேலென்று இருந்தது. அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே பெஞ்சுக்கே வந்துவிட்டார். "பாருங்க, எப்படிக் கெடந்த பிள்ளை!" என்று எல்லாருக்கும் காட்டினார். கரிவலத்திலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண் கையில் எலிக்குஞ்சு மாதிரி ஒரு குறைமாசப் பிள்ளை. அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அக்கா, என்ன கோளாறு இருந்துச்சு? யாருக்கா கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள்.

பெஞ்சே என்னைப் பார்த்தது. டாக்டரம்மாவும் பார்த்தார். பேர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். தெருவே வாய் பிளந்து பார்த்த துபாய் டின்னைச் சொல்ல வேண்டும். ஏழு சொட்டைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் அனுப்பிய பாலும் என் கையும் சேர்ந்துதான் பிள்ளை ரத்தத்தை உடைத்தது என்று அத்தனை பேர் முன்னால் நான் சொல்ல வேண்டும்.

"டாக்டரம்மாதான்" என்றேன்.

டாக்டரம்மா ஒரு நொடி என்னையே பார்த்தார். அப்புறம் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த ஆளு வாங்க" என்று உள்ளே போய்விட்டார். நான் சொன்ன பொய் எனக்கு வசதியாக இருந்த மாதிரி அவருக்கும் வசதியாகிவிட்டது. அடுத்த மாசமே லேபுக்கு ஒரு பையன் வந்தான். ஒரே குத்து, ஐந்து நிமிசத்தில் சீட்டு, எல்லாருக்கும் சந்தோசம். இவர் விருதுநகர்ப் பக்கம் ஏதோ மில்லுக்குப் போய்விட்டதாகப் பிற்பாடு மாரி சொன்னாள். என் மகள் வளர்ந்து, கல்யாணமாகி, அவளுக்கும் பிள்ளை இருக்கிறது. அவள் ரத்தம் உடையாமல் நிற்பதற்கு யார் காரணம் என்று இதுவரை அவளிடம் நான் சொன்னதில்லை. இந்தக் காகிதத்திலும் பேரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. சொல்ல வேண்டிய பெஞ்சில் சொல்லியிருக்க வேண்டும்.

டாக்டரம்மாதான் என்று சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தேன். எதிரே சோடாக் கடையில் அவர் நின்றுகொண்டிருந்தார். வெளுத்துத் தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். கையில் எலுமிச்சை பிழிந்த சோடா, குடிக்காமலே வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டி வேகமாக வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பாதியில் அவர் நடை மெதுவாகிவிட்டது.

"இமைக்குள்ள சிவப்பா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு."

"அப்ப சரி" என்றார். குனிந்து பிள்ளையின் உச்சந்தலையை ஒரு தரம் முகர்ந்தார். சோடாவைக் கடைப்பலகையில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொன்னியா என்று அவர் கேட்கவே இல்லை.